20 செ.மீ இரும்பு நெற்றி... அதுக்கு ஒரு இன்ஜினீயரின் பெயர்! ஃபெர்டினாண்ட் போர்ஷேவின் இன்னொரு கதை

மொபைல்ல டாங்கி கேம் விளையாடுறவங்களுக்கு ஃபெர்டினாண்ட் என்ற பெயர் நல்லாவே தெரியும். எதிராளி எத்தனை குண்டு போட்டாலும் நெற்றியில் பட்டுத் தெறிச்சுப் போகும். இந்தப் பக்கத்துல இருந்து ஒரே ஒரு குண்டு, எதிர்ல நிக்கிற டாங்கி காலி. வேகத்தைப் பத்தி மட்டும் பேசக் கூடாது, ஆமையே தேவலைனு தோணிடும்.

எனக்கும் இந்தப் பெயர் அறிமுகமானது கேம்லதான். யாரோ ஒரு ஜெர்மன் ராஜாவோட பெயரா இருக்கும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். ராஜாவும் இல்ல, ராணுவத் தளபதியும் இல்ல. அது ஒரு இன்ஜினீயரின் பெயர். சினிமா நட்சத்திரங்கள் வாங்கி இன்ஸ்டாவில் போட்டோ போடுற போர்ஷே கார் இருக்கே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஃபெர்டினாண்ட் போர்ஷே. உலகமே வண்டுன்னு செல்லமாகக் கூப்பிட்ட வோக்ஸ்வாகன் பீட்டில் கார் பிறந்ததும் இவருடைய டிசைன் ஆபீஸ்லதான்.

குடும்பத்தோட பீச்சுக்குப் போற குட்டிக் காரையும், 65 டன் எடையில் ஒரு கொலைக் கருவியையும் ஒரே ஆள் எப்படிக் கொடுக்க முடிஞ்சது? இந்தக் கேள்வியோடதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, ரெண்டும் வேற வேற ஆள் செஞ்ச வேலை மாதிரி எனக்குத் தெரியல.

தகரப் பட்டறைப் பையன்

1875 செப்டம்பர் 3-ம் தேதி பிறந்தார் போர்ஷே. ஊர் மாஃபர்ஸ்டார்ஃப். அப்போ அது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது, இன்னைக்கு செக் குடியரசில் லிபெரெட்ஸ் நகரத்தோட ஒரு பகுதி. அப்பா ஆன்டனுக்குச் சொந்தமாகத் தகரப் பட்டறை. பையனும் அதே தொழிலுக்கு வரணும்னு அப்பா ஆசைப்பட்டார். பையனுக்கோ கரன்ட் மேல் பைத்தியம். ஊரில் இருந்த கார்ப்பெட் ஃபேக்டரியில் மின்சார விளக்கு எரிவதைப் பார்த்ததில் இருந்து அவர் தூக்கம் போச்சு. பகல்ல பட்டறையில் தகரம் வெட்டுவது, சாயங்காலம் பக்கத்து டவுன்ல டெக்னிக்கல் ஸ்கூல் வகுப்புக்குப் போவதுனு ஓடினார். டீன் ஏஜ் முடியுறதுக்குள்ள அப்பாவோட வீட்டுக்கே மின்சார விளக்கு போட்டுக் காட்டிட்டார்.

18 வயசில் வியன்னாவுக்குப் போய் ஒரு மின்சாதன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். நேரம் கிடைக்கும்போது பல்கலைக்கழகத்துக்குள் நைசாக நுழைஞ்சு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பார். இன்ஜினீயரிங் பட்டம் படிச்சு வாங்கினதே இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1898-ல் லோனர் என்ற வியன்னா கம்பெனியில் சேர்ந்தார். ராஜ குடும்பத்துக்கே கோச் வண்டி செஞ்சு கொடுத்த பழைய கம்பெனி அது. குதிரை காலம் முடியப்போகுதுன்னு அந்த முதலாளிக்குப் புரிஞ்சிருந்தது. ஆனால் பெட்ரோல் வண்டியோட சத்தமும் நாத்தமும் அவருக்குப் பிடிக்கல. அந்த இடத்துலதான் போர்ஷேவுக்குத் தன் வாழ்நாள் ஐடியா கிடைச்சது. வண்டியில் இன்ஜின், கியர்பாக்ஸ், செயின் எதுவும் வேணாம், சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வெச்சுட்டா என்ன?

வெச்சார். 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் லோனர்-போர்ஷே எலெக்ட்ரிக் கார் நின்னப்போ அவருக்கு வயசு 24. ஒரே சார்ஜில் சுமார் 50 கி.மீ ஓடும். இன்னைக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கும்போது நாம் என்ன கவலைப்படறோமோ, அதே கவலை அன்னைக்கும் இருந்தது. பேட்டரி கனம், சார்ஜ் தீர்ந்தா அம்போ. அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சார். வண்டியில் ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜினை வெச்சு, அது ஜெனரேட்டரை ஓட்டி, அந்த கரன்ட்டில் சக்கர மோட்டார் சுத்துற மாதிரி செஞ்சார். இப்போ ஷோரூம்ல ஹைபிரிட்னு சொல்லி விக்கிறாங்களே, அதன் தாத்தா இது.

இந்த ஐடியா மேல் அவருக்கு வந்த காதல் கடைசி வரைக்கும் விடல. கதையோட மீதியெல்லாம் அந்தக் காதல் அவரை எங்கெங்கே கூட்டிட்டுப் போச்சு என்பதுதான்.

1902-ல் ராணுவப் பயிற்சிக்குப் போனப்போ, தான் செஞ்ச காரிலேயே ஆஸ்திரிய இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கு டிரைவராக இருந்தார். 12 வருஷம் கழிச்சு அதே இளவரசர் சரயேவோ நகரத்தில் வேறொரு கார்ல போகும்போது சுடப்பட, முதல் உலகப்போர் வெடிச்சது. போர்ஷே அப்போ ஆஸ்ட்ரோ-டைம்லர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தார். 1910-ல் ஜெர்மனியின் பிரபல பிரின்ஸ் ஹென்றி பந்தயத்தில் தான் டிசைன் செஞ்ச காரைத் தானே ஓட்டி ஜெயிச்சிருந்தார். போர் வந்ததும் ரேஸ் கார் டேபிள்ல இருந்து இறங்குச்சு, பீரங்கி ஏறுச்சு.

42 செ.மீ வாய் அகலமுள்ள ஸ்கோடா பீரங்கிகளை மலைப்பாதையில் இழுத்துட்டுப் போகணும். குதிரையால் முடியாது. போர்ஷே தன் பழைய காதலைத் தூசி தட்டினார். முன்னாடி போற வண்டியில் பெட்ரோல் இன்ஜினும் ஜெனரேட்டரும், பின்னாடி பீரங்கி ஏத்தின டிரெய்லரின் சக்கரங்களுக்குள் மோட்டார், நடுவில் கரன்ட் போக கேபிள். வேலை கச்சிதமாக நடந்தது. 1917-ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஒரு காலத்தில் திருட்டுத்தனமா நுழைஞ்சு பாடம் கேட்ட அதே வியன்னா. இன்னைக்கும் போர்ஷே கம்பெனியின் முழுப் பெயரில் அந்த கௌரவ டாக்டர் பட்டம் சேர்ந்தே இருக்கு.

எங்கேயும் நிலைக்காத ஆள்

போர்ஷே பொல்லாத கோபக்காரர். டிசைனுக்குக் காசைத் தண்ணியா செலவழிப்பார், கணக்குக் கேட்டா சண்டை. ஆஸ்ட்ரோ-டைம்லரை விட்டு 1923-ல் ஸ்டுட்கார்ட்டில் டைம்லருக்குப் போனார், அங்கே மெர்சிடிஸின் புகழ்பெற்ற சூப்பர்சார்ஜ் கார்களுக்குப் பின்னால் இருந்தார். அங்கேயும் சண்டை. அடுத்து ஸ்டையர் கம்பெனி, அதுவும் சரிப்பட்டு வரல. கடைசியில் 1931-ல், 55 வயசில், ஸ்டுட்கார்ட்டில் சொந்தமாக டிசைன் ஆபீஸ் திறந்தார். நாம் ரிட்டயர்மென்ட் பத்தி யோசிக்கிற வயசுல ஸ்டார்ட்-அப்!

அந்த ஆபீஸுக்கு மூணு பங்குதாரர்கள். போர்ஷே, அவர் மருமகனான வக்கீல் ஆன்டன் பீஷ், அப்புறம் அடால்ஃப் ரோசன்பெர்கர். இந்த மூணாவது ஆள் ரேஸ் டிரைவர், காசும் போட்டு, நிர்வாகத்தையும் பார்த்துக்கிட்டவர். அவர் யூதர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அவருக்குக் கம்பெனியில் இடம் இல்லாமல் போச்சு. 1935-ல் அவர் பங்கு குறைஞ்ச விலைக்குக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அதே வருஷம் அவரைக் கைது செஞ்சு கிஸ்லாவ் வதைமுகாமுக்குக் கொண்டு போனாங்க. வெளியே வந்து நாட்டை விட்டே போயிட்டார். போர்ஷே அவரைக் காட்டிக்கொடுத்தார்னு சொல்ல ஆதாரம் எதையும் நான் பார்க்கல. ஆனால் ஒரு நல்ல பார்ட்னர் போனதால் போர்ஷேவின் வேலை ஒரு நாளும் நிக்கல என்பதும் உண்மை.

வேலை நிக்கிற மாதிரியா இருந்தது? 1934-ல்தான் ஹிட்லர் அரசு மக்கள் கார் திட்டத்தை அவர்கிட்ட கொடுத்தது. விலை ஆயிரம் மார்க்குக்குள் இருக்கணும், ரெண்டு பெரியவங்க மூணு குழந்தைங்க போகணும். அதுவரைக்கும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, சின்ன கார் செய்யலாம்னு அவர் கெஞ்சாத குறை. யாரும் அதைத் தயாரிப்பு வரைக்கும் கொண்டு போகல. இப்போ ஒரு நாடே காசு போடுது. சர்வாதிகாரிக்கும் இன்ஜினீயருக்கும் நல்லாவே ஒத்துப்போச்சு. 1937-ல் நாஜிக் கட்சியில் உறுப்பினரானார். பின்னாடி எஸ்.எஸ். அமைப்பின் கௌரவப் பதவியும் வந்தது. அவருக்கு அரசியலே தெரியாது, கார்தான் உயிர்னு அவருக்காக வாதாடுறவங்க எப்பவும் சொல்வாங்க. அந்த வாதத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு மேல போவோம்.

பீட்டில் முழுக்க அவர் மூளையில் உதிச்சதும் இல்ல. செக் நாட்டு டாட்ரா கம்பெனியின் ஹான்ஸ் லெட்விங்கா செஞ்ச கார்களோட சாயல் அதில் இருக்குன்னு வழக்கே நடந்து, 1965-ல் வோக்ஸ்வாகன் பணம் கொடுத்து முடிச்சது.

நம்ம ஊர் சீட்டு மாதிரி, வாரம் 5 மார்க் கட்டி ஸ்டாம்ப் ஒட்டினா 990 மார்க் சேர்ந்ததும் கார் கைக்கு வரும்னு அரசு அறிவிச்சது. மூணு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் கட்டினாங்க. 1939-ல் இரண்டாம் உலகப்போர் வந்தது. போர் முடியுற வரைக்கும் சீட்டுக் கட்டின ஒருத்தருக்கும் கார் வரல. ஃபேக்டரியில் இருந்து வெளியே வந்த வண்டிகளில் பெரும்பாலானவை ராணுவ ஜீப்.

பிறந்தநாள் பரிசு சொதப்பிய கதை

இப்போ டாங்கிக்கு வருவோம்.

1941-ல் ஜெர்மனி ரஷ்யாவுக்குள் புகுந்தப்போ, ரஷ்யர்களோட டி-34 டாங்கியைப் பார்த்து அதிர்ந்து போச்சு. சரிவான கவசம், அகலமான செயின், நல்ல பீரங்கி. அதை அடிக்கிற கனமான டாங்கி வேணும்னு ஏற்கெனவே நடந்துக்கிட்டிருந்த வேலை சூடு பிடிச்சது. ஹென்ஷல் கம்பெனி ஒரு பக்கம், போர்ஷே இன்னொரு பக்கம். அதுதான் டைகர் டாங்கிப் போட்டி.

ஹென்ஷல் வழக்கமான இன்ஜின், கியர்பாக்ஸ் பாதையில் போச்சு. போர்ஷே என்ன செஞ்சிருப்பார்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு பெட்ரோல் இன்ஜின், அது ஓட்டுற ஜெனரேட்டர், அதில் வர்ற கரன்ட்டில் சுத்துற ரெண்டு மோட்டார். வலது செயினுக்கு ஒண்ணு, இடது செயினுக்கு ஒண்ணு. நம்ம ஊர் டீசல் ரயில் இன்ஜின் ஓடுறதும் இதே முறையில்தான். ரயிலுக்கு அது அருமையான முறை, ஏன்னா ரயில் தண்டவாளத்துல ஓடுது. சேறு, பள்ளம், பனி எல்லாத்துலயும் உருளவேண்டிய டாங்கிக்கு? மோட்டாரும் ஜெனரேட்டரும் ஏகப்பட்ட கனம். செம்பு கம்பி கிலோ கணக்குல இல்ல, டன் கணக்குல வேணும். போர்க்காலத்தில் ஜெர்மனிக்குக் கிடைக்காத பொருள்ல செம்பும் ஒண்ணு.

1942 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாள். ரெண்டு டாங்கியையும் அவர் முன்னாடி ஓட்டிக் காட்டணும். போர்ஷே ஹிட்லரின் செல்லப்பிள்ளை, அதனால் ரிசல்ட் என்னன்னு அவருக்கே ஒரு நம்பிக்கை இருந்திருக்கணும். டெஸ்ட்டே முடியாமல், சுமார் நூறு டாங்கிக்கான உடல் பகுதியை ஆஸ்திரியாவின் நிபெலுங்கன் ஆலையில் தயார் செய்ய ஆரம்பிச்சாச்சு. ஆனால் போர்ஷேவின் வண்டி சொதப்பியது. அதுக்காகவே டிசைன் செஞ்ச காத்துல குளிரும் இன்ஜின் சூடாகிச் சூடாகி நின்னுச்சு. அடுத்தடுத்த டெஸ்ட்டிலும் அதே கதை. டைகர் ஆர்டர் ஹென்ஷலுக்குப் போச்சு.

இப்போ ஆலையில் கிடக்குற உடல்களை என்ன செய்யுறது? உருக்குறதுக்கு மனசு வரல. மேல டரெட் இல்லாமல், பெரிய பீரங்கியை வெச்சு, டாங்கிகளை வேட்டையாடுற வண்டியாக மாத்திடலாம்னு முடிவாச்சு. அப்படிப் பிறந்ததுதான் அந்த 90 சொச்சம் வண்டிகள். 1943 தொடக்கத்தில் அதுக்கு ஃபெர்டினாண்ட்னு பெயர் வந்தது. தோத்துப்போன டிசைனுக்கு டிசைனரோட பெயர். கௌரவமா, கிண்டலா? நான் கௌரவம்னுதான் நினைக்கிறேன், ஆனா போர்ஷே இடத்துல இருந்தா ராத்திரி கொஞ்சம் தூக்கம் வராது.

போனைவிட நீளமான கவசம்

அந்த வண்டியோட கவசத்தைப் புரிஞ்சுக்க உங்க கையில் இருக்குற போனையே எடுத்துக்கோங்க. பெரிய ஸ்க்ரீன் போன்னா நீளம் சுமார் 16 செ.மீ. ஃபெர்டினாண்டின் நெற்றிக் கவசம் 20 செ.மீ கனம். ஏற்கெனவே இருந்த 100 மி.மீ எஃகு மேல் இன்னொரு 100 மி.மீ தகட்டை போல்ட் போட்டு முறுக்கி இருந்தாங்க. பின்பக்கம் இருந்த பீரங்கி அறையின் முகப்பும் 200 மி.மீ. ஒப்பிட்டுப் பார்க்க, அன்னைக்கு ரஷ்ய டி-34 டாங்கியோட முன் கவசம் 45 மி.மீதான். சரிவா இருந்ததால் கொஞ்சம் கூடுதல் பலம், அவ்ளோதான். டி-34ல் இருந்த 76 மி.மீ பீரங்கி நேருக்கு நேர் சுட்டா ஃபெர்டினாண்டுக்குப் பெயின்ட் போகும். பக்கவாட்டுக் கவசம் 80 மி.மீ, அது இன்னொரு விஷயம்.

பீரங்கி இன்னும் மோசம், அதாவது எதிராளிக்கு. 88 மி.மீ வாய், குழாயின் நீளம் ஆறு மீட்டருக்கும் மேல். சுமார் 10 கிலோ எடையுள்ள குண்டு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வரும். ஒலியைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு. சத்தம் வந்து சேர்றதுக்கு முன்னாடி குண்டு வந்துடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி, சாய்வா நிக்க வெச்ச 16 செ.மீ கனமுள்ள எஃகைத் துளைக்கும். ரெண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நிக்கிற டி-34ஐ அடிக்க முடியும். அந்த டி-34 திருப்பி அடிக்க எவ்வளவோ கிட்ட வந்தாகணும், அதுவும் பக்கவாட்டுல. 1943-ல் போர்க்களத்துல இருந்த எந்த டாங்கியும் இதன் முன்னாடி தைரியமாக நின்னிருக்க முடியாது.

இனி அடுத்த பக்கம். எடை 65 டன். நம்ம ஊர் ஆண் யானை ஒண்ணு நாலஞ்சு டன் இருக்கும், கணக்குப் போட்டுக்கோங்க. சொதப்பிய இன்ஜினுக்குப் பதிலா ரெண்டு மேபாக் இன்ஜின் வெச்சாங்க, சாதாரண டாங்கிகளில் ஓடுற அதே இன்ஜின். ரெண்டும் சேர்ந்து 600 ஹார்ஸ் பவரை ஒட்டித்தான். டேங்க்ல சுமார் 950 லிட்டர் பெட்ரோல், நல்ல ரோட்ல 150 கி.மீ போகும். மைலேஜ் எவ்ளோ கொடுக்கும்னு கேட்குறது நம்ம வழக்கம் இல்லையா? லிட்டருக்கு சுமார் 160 மீட்டர்! காட்டு மேட்டு நிலத்தில் நூறு மீட்டரே கஷ்டம்.

மோட்டார், ஜெனரேட்டர், இன்ஜின் எல்லாம் வண்டியோட நடு வயித்துல. அதனால் ஆறு பேர் கொண்ட குழு ரெண்டா பிரிஞ்சு உட்காரணும். டிரைவரும் ரேடியோக்காரரும் முன்னாடி, பீரங்கிக்காரங்க நாலு பேர் பின்னாடி. நடுவுல கொதிக்கிற இயந்திரச் சுவர். ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது, இன்டர்காம்ல மட்டும் பேசலாம். பீரங்கியை ரெண்டு பக்கமும் 15 டிகிரி அளவுக்குத்தான் திருப்ப முடியும். அதுக்கு மேல எதிரி நகர்ந்தா மொத்த 65 டன்னையும் திருப்பணும். கிட்ட ஓடி வர்ற காலாட்படையைச் சுட வண்டியில் ஒரு மெஷின் கன்கூடப் பொருத்தல.

இந்த மெஷின் கன் விஷயத்தை யூடியூப்ல எல்லாரும் சொல்வாங்க, ஃபெர்டினாண்ட் தோத்ததே அதனாலதான்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. களத்தில் நடந்ததைப் பாருங்க.

1943 ஜூலை 5, குர்ஸ்க் போர். ஜெர்மனி ரஷ்யாவில் நடத்திய கடைசிப் பெரிய தாக்குதல். வடக்குப் பக்கம், போனிரி என்ற ரயில் நிலையத்தை நோக்கி 89 ஃபெர்டினாண்ட்கள் நகர்ந்தன. ரஷ்யர்களுக்குத் தாக்குதல் வரப்போறது முன்கூட்டியே தெரியும். மாசக்கணக்கா உட்கார்ந்து பதுங்குகுழி வெட்டி, கண்ணிவெடி விதைச்சு வெச்சிருந்தாங்க. 20 செ.மீ நெற்றிக் கவசத்துக்கும் செயினுக்கும் சம்பந்தம் இல்ல. கண்ணிவெடி கீழே வெடிக்கும், செயின் அறுந்து விழும், சக்கரம் உடையும், வண்டி அங்கேயே உட்காரும். முதல் நாளிலேயே பெரும்பகுதி வண்டிகள் இப்படி முடங்கிடுச்சு. சண்டை ஓய்ஞ்ச பிறகு போனிரி பக்கம் விட்டுட்டுப் போன ஃபெர்டினாண்ட்களை ரஷ்ய நிபுணர்கள் ஒவ்வொண்ணா ஆராய்ஞ்சாங்க. பெரும்பாலானவை கண்ணிவெடியிலும் கனரக பீரங்கி குண்டிலும் செயின், சக்கரம் போய் நின்னவை. நெற்றியை யாரும் துளைக்கல. துளைக்க வேண்டிய அவசியமே வரல.

சாதாரண டாங்கி முடங்கினா இன்னொரு வண்டி வந்து கட்டி இழுக்கும். 65 டன்னை யார் இழுப்பாங்க? பெரிய இழுவை வண்டிகளை வரிசையாகக் கோத்து இழுக்கணும், அதுவும் குண்டு விழும் இடத்தில். ரிப்பேர் பண்ணினா ஓடக்கூடிய வண்டிகளைக்கூட, பின்வாங்கும்போது தாங்களே வெடிச்சுத் தகர்த்துட்டுப் போனாங்க.

அதே நேரம், பாதுகாப்பா ஒரு மேட்டில் நின்னு தூரத்தில் வர்றதை அடிக்கிற வேலையில் ஃபெர்டினாண்ட் பயங்கரமா வேலை செஞ்சது. அந்த ரெஜிமென்ட் அந்த ஜூலையில் 500-க்கும் மேற்பட்ட ரஷ்ய டாங்கிகளை அழிச்சதாக ஜெர்மன் கணக்கு சொல்லுது. போர்க்காலத்தில் தன் வீரத்தைத் தானே எண்ணும் கணக்கு, அப்படியே எடுத்துக்க வேண்டாம். ஆனால் ரஷ்ய வீரர்கள் மனசில் அது விதைச்ச பயம் நிஜம். அதுக்கப்புறம் எந்த ஜெர்மன் தானியங்கி பீரங்கி வண்டியைப் பார்த்தாலும் அவங்க ஃபெர்டினாண்ட்னுதான் சொன்னாங்க. 1932-ல் இதே ரஷ்யா போர்ஷேவை அழைச்சு, ஆலைகளைச் சுத்திக் காட்டி, இங்கேயே வந்து வேலை பாருங்கன்னு கேட்டிருந்தது. அவர் மறுத்துட்டார். அவருக்குப் பதிலா பதினோரு வருஷம் கழிச்சு அவர் பெயர் போச்சு.

மிச்சமிருந்த 48 வண்டிகளை ஆலைக்குக் கொண்டு வந்து மெஷின் கன்னும், கமாண்டர் வெளியே பார்க்க ஒரு சின்ன கோபுரமும் வெச்சு, பெயரையும் மாத்தினாங்க. புதுப் பெயர் எலெஃபன்ட், ஜெர்மன் மொழியில் யானை. சிலது இத்தாலிக்கும் மீதி ரஷ்யப் பக்கமும் போச்சு. இத்தாலியிலும் பாலம் தாங்கல, ரோடு தாங்கல.

இவ்வளவுக்கு அப்புறமாவது போர்ஷே பாடம் கத்துக்கிட்டாரா? அடுத்து அவர் வரைஞ்சது மாஸ். ஜெர்மன்ல எலி. எடை 188 டன்! அதிலும் அதே ஜெனரேட்டர், அதே மோட்டார். எந்தப் பாலமும் தாங்காதுன்னு தெரிஞ்சதால், ஆத்துக்கு அடியில் மூழ்கியே கடக்கலாம்னு திட்டம் போட்டாங்க. ரெண்டே ரெண்டு மாதிரி வண்டி செஞ்சதோட போர் முடிஞ்சது. சின்ன வயசுக் காதலை ஒருத்தர் இப்படித் துரத்தினதை வேற எங்கேயும் நான் படிச்சதில்ல.

ஓரமா வெச்ச வாதம்

அரசியல் தெரியாத இன்ஜினீயர் என்ற வாதத்தை ஓரமா வெச்சோம் இல்லையா? போர்க்காலத்தில் வோக்ஸ்வாகன் ஆலையின் தலைமையில் இருந்தது போர்ஷேவும் மருமகன் பீஷும். அந்த ஆலையில் போர் முடியுறதுக்குள் சுமார் 20,000 பேர் கட்டாய வேலை செஞ்சாங்க. போலந்து, ரஷ்யா, பிரான்ஸ்னு பல நாட்டில் இருந்து பிடிச்சுட்டு வந்தவங்க, போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். 1942-ல் ஆலை வளாகத்திலேயே ஒரு வதைமுகாம் சில மாசம் இயங்கியது. வேலைக்குப் பிடிச்சுட்டு வந்த பெண்கள் பெத்த குழந்தைகளை அவங்ககிட்ட இருந்து பிரிச்சு, ஆலை நடத்திய ஒரு விடுதியில் வெச்சாங்க. ரூஎன் என்ற ஊரில் இருந்த அந்த விடுதியில் 300-க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் கவனிப்பில்லாமல் செத்துப்போச்சு. போர் முடிஞ்சதும் அதுக்காக ஆலை டாக்டரை பிரிட்டிஷ் நீதிமன்றம் விசாரிச்சுத் தூக்கில் போட்டது.

இந்தக் குழந்தைகள் விஷயத்தில் போர்ஷேவை யாரும் கூண்டில் ஏத்தல. 1945 கடைசியில் பிரெஞ்சுக்காரங்க அவரைக் கைது செஞ்சது வேற காரணத்துக்கு. பிரான்ஸில் பெஷோ கார் ஆலையை ஜெர்மனி கையில் எடுத்தப்போ நடந்த அக்கிரமங்களில் பங்கு உண்டுனு குற்றச்சாட்டு. 70 வயசில், சுமார் 20 மாசம் காவல். நடுவுல பாரிஸில் வெச்சு ரெனோவின் புதுச் சின்ன கார் பத்தி அவர்கிட்ட யோசனையும் கேட்டாங்க. கைதிகிட்டயும் வேலை வாங்குறது ஒரு தரப்போட பழக்கம் மட்டும் இல்ல போல. கடைசியா திஜோன் நகரச் சிறை. குளிர்ல உடம்பு ஒடிஞ்சு போச்சு.

வெளியே மகன் ஃபெரி போர்ஷே, ஆஸ்திரியாவின் குமுண்ட் ஊரில் ஒரு பழைய மரம் அறுக்குற மில்லில் டிசைன் ஆபீஸை ஓட்டிக்கிட்டு இருந்தார். இத்தாலியின் சிசிடாலியா கம்பெனிக்கு ரேஸ் கார் வரைஞ்சு கொடுத்த பணம் அப்பாவோட ஜாமீனுக்கு உதவிச்சு. 1947 ஆகஸ்ட்டில் வெளியே வந்தார். பின்னாடி பிரெஞ்சு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர்னு விடுவிச்சது. 1948-ல் மகன் செஞ்ச 356 என்ற கார்தான் போர்ஷே என்ற பெயரோட வந்த முதல் ஸ்போர்ட்ஸ் கார். அப்பா அதைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். மகனின் டிசைன்ல மாத்த எதுவும் இல்லைனு அவர் ஏத்துக்கிட்டதா குடும்பத்துல சொல்வாங்க. அவர்கிட்ட இருந்து அப்படி ஒரு சர்டிஃபிகேட் லேசுல கிடைக்காது.

அமெரிக்காவில் பெயரை மாத்திக்கிட்டு வாழ்ந்த ரோசன்பெர்கர், போருக்கு அப்புறம் தன் பங்கைக் கேட்டார். 1950-ல் ஒரு தொகையும் ஒரு காரும் கொடுத்து விஷயத்தை முடிச்சுக்கிட்டாங்க.

அதே 1950 நவம்பரில், போர் முடிஞ்ச பிறகு முதல் தடவையா, வோல்ஃப்ஸ்புர்க் ஆலைக்குப் போனார் போர்ஷே. சீட்டுக் கட்டினவங்களுக்குக் கிடைக்காத அந்தக் கார் இப்போ வரிசை வரிசையா வெளியே வந்துக்கிட்டு இருந்தது. வழி முழுக்க ரோட்ல பீட்டில். ஊர் திரும்பின கொஞ்ச நாளில் பக்கவாதம். 1951 ஜனவரி 30-ம் தேதி ஸ்டுட்கார்ட்டில் இறந்தார். வயசு 75. பீட்டில் அதுக்கப்புறமும் 2003 வரைக்கும் தயாராகி, 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது.

ஃபெர்டினாண்ட்களில் இன்னைக்கு முழுசா மிஞ்சி நிக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு குர்ஸ்கில் ரஷ்யர்கள் பிடிச்சது, மாஸ்கோவுக்குப் பக்கத்துல குபிங்காவில் இருக்கு. இன்னொண்ணு இத்தாலியில் அமெரிக்கர்கள் பிடிச்ச எலெஃபன்ட், அமெரிக்க ராணுவத்தின் வசம் இருக்கு.

அவர் பிறந்த ஊருக்கு இப்போ விரட்டிஸ்லாவிட்சேனு செக் மொழிப் பெயர். ஊர் எல்லையில் போர்ஷே பிறந்த ஊர்னு பெருமையா பலகை வெச்சிருந்தாங்க. நாஜிகளோட வேலை பார்த்தவருக்கு இது எதுக்குனு எதிர்ப்பு கிளம்ப, 2013-ல் பலகையைக் கழட்டிட்டாங்க. சில வருஷம் கழிச்சு, அவர் பிறந்த வீட்டை ஸ்கோடா கார் கம்பெனி பழையபடி புதுப்பிச்சு, சின்ன அருங்காட்சியகமா திறந்தது. ஸ்கோடா இப்போ வோக்ஸ்வாகன் குழுமத்துக்குச் சொந்தம்.